பெட்டியைத் திறந்ததும் புளித்த வாடை வருகிறதா? பழைய படச்சுருள்களுக்கு அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

மூடிக்கிடக்கும் தியேட்டரின் ஆபரேட்டர் அறையிலோ, வீட்டுப் பரணிலோ, யாரோ ஒரு விநியோகஸ்தரின் பழைய கிடங்கிலோ தகரப் படப்பெட்டி ஒன்று கிடைத்துவிட்டால் எல்லோருக்கும் முதலில் வரும் ஆசை ஒன்றுதான்: ஓட்டிப் பார்க்க வேண்டும். அந்த ஆசையைத் தயவுசெய்து தள்ளிப் போடுங்கள். நாற்பது ஐம்பது வருடம் பரணில் தாக்குப்பிடித்த ஒரு 16 மி.மீ. சுருள், புரொஜெக்டரில் ஏற்றிய பத்தே நிமிடத்தில் ஓரத் துளைகள் வரிசையாகக் கிழிந்து நாசமானதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஊர்த் திருவிழாவை யாரோ எடுத்து வைத்த படம் அது. அதற்கு வேறு பிரதி கிடையாது.

நம் கையில் மிஞ்சியிருப்பதே கொஞ்சம் என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். நடராஜ முதலியார் எடுத்த, தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமான 'கீசக வதம்' இன்று இல்லை. 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' இல்லை. தென்னிந்திய மௌனப் படங்களில் ஏறக்குறைய முழுதாக மிஞ்சியது 1933-ஆம் ஆண்டின் 'மார்த்தாண்ட வர்மா'தான், அதுவும் எப்படி? படத்துக்கு மூலமான நாவலின் உரிமை பற்றி வழக்கு வந்து, பிரதி பறிமுதலாகி, திருவனந்தபுரத்தில் ஒரு புத்தக நிறுவனத்திடம் முடங்கிக் கிடந்தது. 1974-இல் புனேயின் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கொட்டகை கொட்டகையாக ஓடியிருந்தால் அதுவும் தேய்ந்து போயிருக்கும், ஓடாமல் கிடந்ததால் பிழைத்தது.

சரி, பெட்டி உங்கள் முன்னால் இருக்கிறது. கீழே உள்ளதை வரிசையாகப் படிக்க வேண்டாம், உங்கள் சுருளில் தெரியும் அறிகுறிக்குப் போங்கள். ஆனால் இந்த முதல் பகுதியை மட்டும் யாரும் தாண்டக் கூடாது.

எதையும் செய்வதற்கு முன்: இது எந்த வகைச் சுருள்?

படச்சுருள் மூன்று அடித்தளங்களில், அதாவது மூன்று விதப் பிளாஸ்டிக் பட்டைகளில் வந்திருக்கிறது. முதலில் நைட்ரேட், அப்புறம் அசிடேட், கடைசியாக பாலியெஸ்டர். மூன்றும் மூன்று விதமாகக் கெடும், நைட்ரேட் உயிருக்கே ஆபத்து.

35 மி.மீ. சுருள், படம் 1950-களின் தொடக்கத்துக்கு முந்தையது என்றால், வேறு விதமாக நிரூபணம் ஆகும்வரை அது நைட்ரேட் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கோடாக் நைட்ரேட் தயாரிப்பை நிறுத்தியது 1951 வாக்கில்தான். 16 மி.மீ., 8 மி.மீ. சுருள்கள் அநேகமாக எப்போதுமே எளிதில் தீப்பிடிக்காத சேஃப்டி வகைதான், அந்தப் பயம் வேண்டாம். அடுத்து, ஓரத்தில் இருக்கும் எழுத்தைப் படியுங்கள். 'சேஃப்டி' என்றோ 'நைட்ரேட்' என்றோ இருக்கும். இதில் ஒரு பொறி உண்டு: நெகட்டிவின் ஓரத்தில் இருந்த எழுத்து, பிரிண்ட் போடும்போது பிரிண்டிலும் விழுந்துவிடும். வெளிறிய ஓரத்தில் கறுப்பாக எழுதியிருந்தால் அது இந்தச் சுருளுக்குச் சொந்தமான எழுத்து. கறுப்பு ஓரத்தில் வெள்ளையாக இருந்தால் அது நெகட்டிவிலிருந்து வந்தது, அதை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

பாலியெஸ்டரைக் கண்டுபிடிப்பது சுலபம். சுற்றிய ரீலைப் பக்கவாட்டில் விளக்குக்கு நேரே பிடியுங்கள், வெளிச்சம் ஊடுருவித் தெரிந்தால் பாலியெஸ்டர், இருட்டாக இருந்தால் மற்ற இரண்டில் ஒன்று. கொளுத்திப் பார்த்துக் கண்டுபிடிக்கும் பழைய வழக்கத்தை மறந்துவிடுங்கள். ஒரு துண்டு மட்டும்தானே என்று ஆரம்பித்து அறையையே இழந்தவர்கள் உண்டு.

ஓரத்தில் கோடாக், கேவர்ட், ஓர்வோ, நம் உதகமண்டலத்து 'இந்து' என்று தயாரிப்பாளர் பெயரும் இருக்கும். கோடாக் சுருளில் வட்டம், சதுரம், முக்கோணம் என்று சின்னக் குறிகள் இருந்தால் அவை கச்சாச் சுருள் தயாரான ஆண்டைச் சொல்பவை, குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூடியைத் திறந்ததும் காடி வாடை அடிக்கிறது

எனக்கு வரும் பத்து விசாரணையில் ஏழு எட்டு இதுதான். அசிடேட் சுருள் ஈரத்தாலும் வெப்பத்தாலும் சிதைந்து அசிடிக் அமிலத்தை விடுகிறது, சமையலறை வினிகரில் இருக்கும் அதே அமிலம். ஒருமுறை தொடங்கினால் வெளியான அமிலமே அடுத்த சிதைவைத் தூண்டும் என்பதால் நாளாக ஆக வேகம் கூடிக்கொண்டே போகும். இறுக மூடிய தகர டப்பாவுக்குள் அமிலம் வெளியேற வழியில்லாமல் சுருளையே தின்னும், டப்பாவின் துரு அதற்கு இன்னும் துணை. காந்தப்பூச்சு ஒலிச்சுருளும் அதே பெட்டியில் இருந்தால் அதுதான் முதலில் போகும், ஏனென்றால் அதன் மேல் பூசியிருப்பதே இரும்பு ஆக்சைடு.

புத்தம் புதிய அசிடேட் சுருளை 21 டிகிரி செல்சியஸிலும் 50 சதவீத ஈரப்பதத்திலும் வைத்தால் சுமார் 40 ஆண்டுகளில் இந்தச் சிதைவு வேகமெடுக்கும் என்பது அமெரிக்காவின் ரோச்செஸ்டரில் இருக்கும் இமேஜ் பெர்மனன்ஸ் இன்ஸ்டிடியூட்டின் கணக்கு. சென்னையிலோ தூத்துக்குடியிலோ ஓட்டுக்கூரைக்குக் கீழே கிடந்த பெட்டிக்கு அந்த 40 ஆண்டு ஏது?

செய்ய வேண்டியது இது. காற்றோட்டமான இடத்தில், கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு திறங்கள், ஒரு கால் மணி நேரம் மூடியைத் திறந்தே வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். வாடை அடிக்கும் பெட்டிகளை வாடை இல்லாதவற்றிடமிருந்து வேறு அறைக்கு மாற்றுங்கள், இதை அன்றைக்கே செய்யுங்கள், ஏனென்றால் ஒரு சுருளின் ஆவி பக்கத்துச் சுருளையும் கிளப்பிவிடும். வாடையை வைத்து மட்டும் எவ்வளவு கெட்டது என்று சொல்ல முடியாது, மூக்கு பழகிவிடும். அதற்கு ஏ-டி ஸ்ட்ரிப் என்ற சின்ன நீலக் காகிதம் இருக்கிறது. டப்பாவுக்குள் ஒரு நாள் முழுக்க வைத்துவிட்டு நிறத்தைப் பாருங்கள். நீலமாகவே இருந்தால் சுருள் நலம். பச்சைக்குத் திரும்ப ஆரம்பித்தால், அதாவது 1.5 என்ற அளவைத் தொட்டால், வேகமெடுக்கும் கட்டம் வந்துவிட்டது என்று பொருள், ஸ்கேன் செய்யும் வரிசையில் அதை முன்னே கொண்டுவாருங்கள். மஞ்சளானால் இனி நாள் பார்க்க நேரமில்லை.

தகர டப்பாவிலிருந்து காற்றுப் போகும் பிளாஸ்டிக் டப்பாவுக்கு, பாலிப்ரோபிலீன் வகைக்கு, மாற்றுங்கள். படுக்கவைத்து அடுக்குங்கள். நின்ற நிலையில் வைத்தால் சுருள் தன் எடையாலேயே கோணிப் போகும். பூச்சி உருண்டையும் கற்பூரமும் உள்ளே வேண்டாம், நிறையப் பேர் பட்டுப்புடவைக்குப் போடுவதுபோல நல்லெண்ணத்தில் போட்டு வைக்கிறார்கள்.

காடி வாடையை நீக்க மருந்து கிடையாது. குளிர் மட்டும்தான் அதன் வேகத்தைக் குறைக்கும். வண்ணச் சுருளுக்கும் சிதைவு தொடங்கிய அசிடேட்டுக்கும் உறைநிலையை ஒட்டிய குளிரும் 30 சதவீத ஈரப்பதமும் காப்பகங்கள் வைத்துக்கொள்ளும் இலக்கு. வீட்டில் ஐந்தாறு 8 மி.மீ. சுருள்தான் இருக்கிறது என்றால் உறைபனி படியாத ஃபிரிட்ஜே போதும்: சுருளை டப்பாவோடு இரண்டு ஜிப் பைகளுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, இரண்டு பைகளுக்கும் நடுவே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் வைத்து உள்ளே வையுங்கள். வெளியே எடுத்தால் ஒரு நாள் முழுக்க பையைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள். அவசரப்பட்டுத் திறந்தால் குளிர்ந்த சுருளின் மேல் காற்றின் ஈரம் வியர்வைபோலப் படியும், இத்தனை நாள் காத்த காப்பு அந்த ஒரு நிமிடத்தில் வீண்.

ஓரங்களில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது

இரண்டில் ஒன்றாக இருக்கும், குழப்பிக்கொள்ளாதீர்கள். பஞ்சுபோல, கிளைவிட்ட நூல்போல, படத்தின் மேலேயே படர்ந்திருந்தால் பூசணம். சர்க்கரைத் துகள்போலப் பளபளப்பாக, பெரும்பாலும் ஓரத்தில், கூடவே காடி வாடையோடு இருந்தால் அது பூசணம் அல்ல, சுருளை வளைந்து கொடுக்க வைத்த இளக்குபொருள் வெளியே கசிந்து படிகமாகியிருக்கிறது. இரண்டாவதற்கு மேலே சொன்ன காடி வழிமுறைதான்.

பூசணத்துக்கு இரை, படத்தைத் தாங்கும் ஜெலட்டின். ஈரப்பதம் 65, 70 சதவீதத்தைத் தாண்டினால் அதற்குக் கொண்டாட்டம், நம் கடலோர ஊர்களில் வருடத்தில் பாதி நாள் அப்படித்தான். முதலில் பெட்டியை ஈரம் குறைந்த அறையில் வைத்து அது வளர்வதை நிறுத்துங்கள். நன்றாகக் காய்ந்தபின் மென்மையான துணியால் சுருளின் பக்கவாட்டை மட்டும் லேசாகத் துடைக்கலாம். வீட்டுக்கு வெளியே, முகமூடியோடு. தண்ணீர் மட்டும் தொடாதீர்கள். பூசணம் ஏறிய ஜெலட்டின் தண்ணீரில் கரையும், துணியோடு கதாநாயகியின் முகமும் வந்துவிடும்.

வெள்ளத்தில் நனைந்த பெட்டி

இப்போது நேர் எதிராகச் சொல்லப் போகிறேன், கவனமாகப் படியுங்கள். மழைவெள்ளத்திலோ குழாய் உடைந்தோ சுருள் இன்னும் ஈரமாக இருக்கிறது என்றால் அதைக் காயவிடாதீர்கள். ஊறிய ஜெலட்டின் சுற்றுக்குச் சுற்று ஒட்டிக்கொண்டு காய்ந்தால் முழு ரீலும் ஒரே கட்டை, பிறகு பிரிக்கவே முடியாது. சுத்தமான குளிர்ந்த தண்ணீர் நிரம்பிய வாளியில் முழுகியபடியே வைத்து, ஓரிரு நாளுக்குள் படச்சுருளைக் கழுவி உலர்த்தும் வசதி உள்ள லேபுக்குக் கொண்டுபோங்கள். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது பலர் செய்தது என்ன? மொட்டைமாடியில் வெயிலில் உலர்த்தினார்கள். ஒரு குடும்பத்தின் திருமணப் படம், மூன்று ரீல், அப்படித்தான் போனது. வெயில் வந்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டு அவர்கள் கொடியில் போட்டிருந்ததை நினைத்தால் இன்னும் மனசு கனக்கிறது.

பூசணம் பிடித்துக் காய்ந்தது என்றால் தண்ணீர் கூடாது, நனைந்து ஈரமாக இருந்தால் காய விடக் கூடாது. இந்த இரண்டையும் டப்பா மூடியில் எழுதி ஒட்டினாலும் தப்பில்லை.

பழுப்புத் தூள், தேன் போன்ற பிசுபிசுப்பு, மூக்கைத் துளைக்கும் நெடி

நிறுத்துங்கள். இது நைட்ரேட். அதன் சிதைவுக்குப் படிகள் உண்டு: முதலில் படம் மங்கிச் சுருள் பழுப்பேறும், பிறகு பிசுபிசுக்கும், பிறகு குமிழ் விட்டு நெடி அடிக்கும், பிறகு சுருள் முழுவதும் ஒரே கட்டியாகும், கடைசியில் பழுப்புத் தூள். முதல் இரண்டு படியில் இருந்தால் இன்னும் பிரதி எடுக்கலாம். மூன்றாவதிலும் சில பகுதிகள் தேறும். தூளாகிவிட்டால் அது சுருள் அல்ல, தீப்பிடிக்கக் காத்திருக்கும் பொருள். நன்றாகச் சிதைந்த நைட்ரேட் 40 டிகிரியைச் சற்றே தாண்டிய வெப்பத்தில் தானாகவே பற்றக்கூடியது, சித்திரை மாதத்துத் தகரக் கொட்டகையின் உள்ளே அந்தச் சூடு சாதாரணம். எரியும்போது தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே உண்டாக்கிக்கொள்ளும், அதனால் தண்ணீரில் மூழ்கினாலும் எரியும், வரும் புகையோ நச்சு. 2003 ஜனவரியில் புனே காப்பகத்தின் நைட்ரேட் கிடங்கில் பிடித்த தீயில் எவ்வளவு பழம்படங்கள் போயின என்பதைச் சினிமா ஆய்வாளர்கள் இன்றும் வலியோடு பேசுவார்கள்.

எனவே: சுற்றிப் பார்க்காதீர்கள், பஸ்ஸிலோ ரயிலிலோ கொண்டுபோகாதீர்கள், கூரியரில் அனுப்பாதீர்கள், பெட்டியை இறுக மூடாதீர்கள், வீட்டுக்குள் வைக்காதீர்கள். நிழலான, காற்றோட்டமுள்ள, ஆள் புழங்காத இடத்தில் வைத்துவிட்டு காப்பகத்துக்குச் சொல்லுங்கள், தூளாகிப்போனது என்றால் தீயணைப்பு நிலையத்துக்கும் சொல்லுங்கள். 1940-களின் தமிழ்ப் படம் ஒன்று உங்கள் கையில் நைட்ரேட்டாக இருக்கிறது என்றால் அது எத்தனை அரியது என்று உங்களுக்கே தெரியும். அதனாலேயே கை வைக்காதீர்கள்.

சுருள் நெளிந்திருக்கிறது, புரொஜெக்டரில் ஏற மறுக்கிறது, துளைகள் கிழிகின்றன

சுருங்கிவிட்டது. எவ்வளவு என்று அளக்க லேப் வேண்டாம், ஸ்டீல் ஸ்கேல் போதும். 35 மி.மீ. பிரிண்டில் ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் இடையே 4.75 மி.மீ. என்பது புதிதாக இருந்தபோதைய அளவு. ஆக 100 துளை இடைவெளி 475 மி.மீ. இருக்க வேண்டும். இழுக்காமல் மேசைமேல் வைத்து அளந்து பாருங்கள். 470-க்குக் கீழே வந்தால் ஒரு சதவீதத்துக்கு மேல் சுருங்கியிருக்கிறது, புரொஜெக்டரின் பல்சக்கரம் அதைக் கிழிக்கும், ஏற்றவே கூடாது. பல்சக்கரம் இல்லாமல் உருளைகளால் நகர்த்தும் ஸ்கேனர்கள் இன்று இருக்கின்றன, இரண்டு சதவீதத்துக்கு மேல் சுருங்கியதைக்கூட அவை மெதுவாக வாங்கிக்கொள்ளும். லேபில் கேட்க வேண்டிய முதல் கேள்வியே இதுதான்: உங்கள் ஸ்கேனரில் பல்சக்கரம் உண்டா?

சுற்றுவது கையால் சுற்றும் ரீவைண்டரில், நிதானமாக. தளர்ந்திருக்கிறது என்று வெளிநுனியைப் பிடித்து இழுத்து இறுக்கும் பழக்கம் அந்தக் காலத்து ஆபரேட்டர்களுக்கே உண்டு, அது சுற்றுக்குச் சுற்று உரசி ரீல் முழுக்கக் கீறல் போட்டுவிடும். பழைய ஒட்டுகள் விட்டுப்போயிருந்தால் கடையில் வாங்கும் செல்லோ டேப்பால் ஒட்டாதீர்கள், அதன் பசை சில வருடத்தில் கசிந்து அடுத்தடுத்த சுற்றுகளையும் பிடிக்கும். ஸ்பிளைசிங் டேப் என்றே தனியாக விற்கிறது.

எல்லாமே ரோஸ் நிறமாகிவிட்டது

ஈஸ்ட்மன்கலர் வகைப் பிரிண்டின் நோய் இது. வண்ணச் சுருளில் நீலப்பச்சை, கருஞ்சிவப்பு, மஞ்சள் என்று மூன்று சாயப் படலங்கள். இருட்டில் பத்திரமாக வைத்திருந்தாலும் நீலப்பச்சை முதலில் வெளுக்கும், மஞ்சளும் கூடவே போகும், கருஞ்சிவப்பு மட்டும் மிஞ்சும். 1980-களின் தொடக்கத்தில் சாயம் எளிதில் போகாத பிரிண்ட் சுருள் வந்தபிறகுதான் இது குறைந்தது. அதனால் 1960, 70-களின் வண்ணப் பிரிண்டுகள் எல்லாம் இன்று ஒரே செந்நிறம்.

போன சாயத்தைச் சுருளில் திரும்ப ஏற்ற முடியாது. ஆனால் அது முழுக்கப் போவதில்லை, மெல்லிய நிழலாக மிஞ்சியிருக்கும். நல்ல ஸ்கேனர் அந்த நிழலைப் பிடித்து ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியே தூக்கிக் கொடுக்கும். அதற்குப் பிறகு வரும் வேலைதான் கடினம்: அந்தப் படத்தின் நிறம் உண்மையில் எப்படி இருந்தது? 1956-இல் வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' கேவாகலர் என்ற வண்ணச் சுருளில் எடுத்தது. 1959-இன் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' லண்டனில் டெக்னிகலரில் பிரதி எடுக்கப்பட்டது. இரண்டின் வண்ணமும் ஒன்றாக இருக்காது, இருக்கவும் கூடாது. சாயத்தை நேரே அச்சடித்த டெக்னிகலர் பிரதி எங்காவது கிடைத்தால் அது வெளுக்காமல் இருக்கும், அதுவே அந்தப் படத்துக்குச் சாட்சி. கிடைக்காவிட்டால் வாழை இலையும் குங்குமமும் மனிதத் தோலும்தான் துணை. நிறத்தைச் சரிசெய்யும் கலரிஸ்டின் பக்கத்தில் அந்தக் காலத்து ஒளிப்பதிவு தெரிந்த ஒருவர் உட்கார வேண்டும், இன்றைய டிவி விளம்பரம்போல மின்னும் வண்ணத்தைப் பழைய படத்துக்குப் பூசினால் அது சீரமைப்பு ஆகாது.

கோடு கோடாக மழை பெய்கிறது

திரையில் கறுப்புக் கோடு என்றால் அநேகமாகப் பிரிண்டின் பின்பக்கக் கீறல். இதற்கு லேபில் ஈர முறை உண்டு, சுருளின் ஒளிவிலகலை ஒத்த திரவத்தில் நனைத்தபடியே ஸ்கேன் செய்வார்கள், கீறலை அந்தத் திரவம் நிரப்பிவிடுவதால் கோடு மறைந்துபோகும். படமே சுரண்டப்பட்டிருந்தால் திரவம் உதவாது, பக்கத்து ஃபிரேமிலிருந்து எடுத்து டிஜிட்டலில் நிரப்ப வேண்டும். தானியங்கி மென்பொருளை அவிழ்த்துவிட்டால் மழைக்காட்சியில் உண்மையான மழையையே கீறல் என்று அழித்துவிடும், நடன மங்கையின் மூக்குத்தி மினுக்கத்தைத் தூசி என்று துடைத்துவிடும். ஒவ்வொரு காட்சியையும் மனிதக் கண் பார்த்தாக வேண்டும்.

சத்தம் கரகரக்கிறது, அல்லது வாயசைவோடு பொருந்தவில்லை

ஒலி, படத்தின் பக்கத்தில் ஒரு மெல்லிய கோடாகவே அச்சாகியிருக்கிறது. அதில் தூசியும் எண்ணெயும் இருந்தால் கரகரப்பு, அதனால் முதலில் சுருளைத் தொழில்முறையில் சுத்தம் செய்தாலே பாதி சரியாகும். வாயசைவு தவறுகிறது என்றால் காரணம் இது: ஒரு காட்சிக்கு உரிய ஒலி அந்தப் படத்துக்கு நேரே இருக்காது, 35 மி.மீ. சுருளில் ஏறக்குறைய 20 ஃபிரேம் முன்னால் இருக்கும், 16 மி.மீ. என்றால் 26. இது தெரியாமல் ஸ்கேன் கோப்பில் நேருக்கு நேர் வைத்துவிட்டால் பேச்சு விலகும். இதே காரணத்தால்தான் சுருள் அறுந்து ஒட்டிய இடத்தில் படம் ஓரிடத்திலும் சத்தம் இன்னோரிடத்திலும் துள்ளும்.

பாட்டு மட்டும் மோசமாக இருக்கிறதே, கிராமபோன் இசைத்தட்டில் தெளிவாக இருக்கிறதே, அதை வைத்து நிரப்பலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது என்பது என் முடிவு. 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துச் சொச்சம்தான் அடங்கும் என்பதால் பல பாடல்களைத் தட்டுக்கென்று தனியாகப் பாடிப் பதிந்தார்கள், சரணம் குறையும், வேகம் மாறும். படத்தில் பாடியது படத்திலேயே இருக்கட்டும். இரைச்சலைக் குறைக்கும்போதும் பழைய நாடக மேடைக் குரல்களின் 'ச'வும் 'ஷ'வும் தேய்கிற அளவுக்குப் போகாதீர்கள், கொஞ்சம் இரைச்சல் இருந்துவிட்டுப் போகட்டும்.

காட்சிகள் தாவுகின்றன, கதையில் ஓட்டை

முதல் ரீலின் தொடக்கத்தில் தணிக்கைச் சான்றிதழ் இருக்கும். அதில் படத்தின் நீளம் போட்டிருக்கும். உங்களிடம் உள்ள ரீல்களின் நீளத்தைக் கூட்டிப் பாருங்கள்: 35 மி.மீ. சுருள் நிமிடத்துக்கு 90 அடி ஓடும், இரண்டரை மணி நேரப் படம் 13,500 அடி. வித்தியாசத்தை 90-ஆல் வகுத்தால் எத்தனை நிமிடம் காணோம் என்று தெரிந்துவிடும்.

எது காணோம் என்பதைச் சொல்ல நம்மிடம் ஓர் அருமையான துணை இருக்கிறது: அந்தக் காலத்தில் கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம். கதைச் சுருக்கமும் பாடல்களும் வரிசையாக இருக்கும். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இந்த மாதிரிப் பழம் பிரசுரங்கள் சேர்ந்திருக்கின்றன. பாட்டுப் புத்தகத்தில் பதினெட்டுப் பாட்டு, உங்கள் ரீலில் பதினொன்று என்றால் ஏழு பாட்டு வெட்டுப்பட்டிருக்கிறது. இரண்டாம் ஓட்டத்துக்கும் டூரிங் கொட்டகைக்கும் போகும்போது பாட்டை வெட்டி ஓட்டுவது சகஜமாக இருந்தது.

காணாமல் போனதை வேறு பிரதிகளில் தேட வேண்டும், வெளிநாட்டிலும்தான். 1919-இன் 'பில்வமங்கள்' என்ற மௌனப் படத்தின் ஒரு பகுதி பிரான்சின் சினிமாதெக் என்ற திரைப்படக் காப்பகத்தில் கிடைத்து 2016-இல் இந்தியாவுக்கு வந்தது. தமிழ்ப் படங்கள் இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று போய் ஓடியவை. அங்குள்ளவர்கள் யாராவது இதைப் படிக்கிறீர்கள் என்றால் உங்கள் ஊர்ப் பழைய கொட்டகைக் கிடங்கைக் கொஞ்சம் எட்டிப் பாருங்கள்.

நெகட்டிவே இல்லையே, இனி என்ன சீரமைப்பு என்று விட்டுவிட வேண்டாம். அரவிந்தனின் 'தம்பு' என்ற மலையாளப் படத்துக்கு மூல நெகட்டிவ் இல்லை. புனேயிலிருந்த பிரதியிலிருந்து எடுத்த நகல் நெகட்டிவை வைத்து, சென்னை பிரசாத் நிறுவனமும் இத்தாலியின் போலோனா நகரத்துச் சீரமைப்பு லேபும் சேர, பழைய படங்களைக் காக்கும் ஃபிலிம் ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷன் அதைச் சீரமைத்து 2022-இல் கான் விழாவில் திரையிட்டது. சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'யின் நெகட்டிவ் 1993-இல் லண்டன் லேபில் பிடித்த தீயில் கருகியது. கருகியதையும் தூக்கி எறியாமல் வைத்திருந்ததால், இருபது வருடம் கழித்து நெளிந்த சுருளை இளக்கி அதில் 40 சதவீதத்தை மீட்டுப் பயன்படுத்த முடிந்தது.

ஏற்கெனவே டிஜிட்டல் ஆக்கிவிட்டோம், ஆனால் ஏதோ சரியில்லை

முகங்கள் மெழுகுபோல வழவழ என்று இருந்தால் சுருளுக்கே இயல்பான நுண்ணிய மணித்துகளையே அழித்திருக்கிறார்கள். தலை வெட்டுப்பட்டிருந்தால் சதுரப் படத்தை அகலத் திரைக்காக மேலும் கீழும் நறுக்கியிருக்கிறார்கள். தமிழின் முதல் சினிமாஸ்கோப் 1973-இன் 'ராஜராஜ சோழன்', அதற்கு முந்தைய படம் எதுவும் அந்த அகலத்தில் எடுக்கப்பட்டதல்ல. மௌனப் படத்தில் ஆட்கள் பரபரவென்று ஓடினால், குறைந்த வேகத்தில் எடுத்ததை 24 ஃபிரேமில் ஓட்டுகிறார்கள். இவை எல்லாமே சரிசெய்யக் கூடியவை, ஒரு நிபந்தனையோடு: கைவைக்காத மூல ஸ்கேன் இருக்க வேண்டும். லேபிடம் வேலை கொடுக்கும்போதே மூல ஸ்கேன், சீரமைத்த கோப்பு இரண்டும் வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். 4கே என்ற உயர் தெளிவில் ஒரு ஃபிரேம் சுமார் 51 எம்பி, இரண்டரை மணி நேரப் படத்துக்கு 2,16,000 ஃபிரேம், ஆக 11 டெராபைட். இது ஒரே ஹார்ட் டிஸ்க்கில் இருந்தால் இல்லாத மாதிரிதான். எல்டிஓ என்ற, கணினிக் கோப்புகளைச் சேமிக்கும் காந்த டேப்பில் இரண்டு பிரதி, இரண்டு ஊரில். அந்த டேப்பையும் சில வருடத்துக்கு ஒருமுறை புதிய தலைமுறைக்கு மாற்ற வேண்டும், புதிய கருவிகள் ரொம்பப் பழைய டேப்பைப் படிக்காது.

ஸ்கேன் ஆனதும் "இனி எதற்கு இந்தச் சுருள்" என்று எடைக்குப் போடுவதுதான் எனக்குத் தாங்க முடியாதது. ஒருகாலத்தில் வெள்ளி எடுப்பதற்காக டன் கணக்கில் கரைத்தார்கள், இப்போது இடம் அடைக்கிறது என்கிறார்கள். பத்து வருடம் முன்பு 2கே-யில் எடுத்தவர்கள் இன்று 4கே-க்காகத் திரும்பச் சுருளைத்தான் தேடுகிறார்கள். வைக்க இடமில்லை என்றால் புனே காப்பகத்துக்கோ வேறு காப்பகத்துக்கோ வைப்பாகக் கொடுங்கள், பதிப்புரிமை உங்களிடமே இருக்கும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த உரிமையும் படம் வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள்தான்.

பெயரே இல்லாத டப்பா

முழுக்கப் பிரிக்க வேண்டாம். தொடக்கத்திலிருந்து ஐந்தாறு அடி மட்டும் விலக்கி, வெள்ளை வெளிச்சம் காட்டும் டேப்லெட் திரைக்கு மேலே, தொடாமல் சற்று உயரத்தில் பிடித்து, மொபைலில் படம் எடுங்கள். ஓர எழுத்து, குறிகள், ரீல் எண், தெரியும் முகங்கள், சுவரொட்டியோ வண்டி எண்ணோ காட்சியில் இருந்தால் அதுவும். டப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் பழைய சீட்டைக் கிழிக்காதீர்கள், அதில் கிறுக்கியிருக்கும் ஊர்ப் பெயரும் தேதியும் அந்தப் பிரதி எங்கெல்லாம் ஓடியது என்பதைச் சொல்லும். டப்பாவை மாற்றினாலும் அந்தச் சீட்டைப் படம் எடுத்து, முடிந்தால் பெயர்த்து, உறையில் போட்டுப் புது டப்பாவோடு கட்டி வையுங்கள். டப்பாவுக்குள்ளே போடாதீர்கள், காகிதத்தின் அமிலம் சுருளுக்கு ஆகாது.